பலிக்கட்டி

மணி பத்தரை இருக்கும். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. லாபு ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் பிரிகிற செம்மண் பாதையில் ஒரு லோரி, முன்விளக்கை அணைத்துவிட்டு, மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் செம்பனை. ஓலை நுனியிலிருந்து தண்ணீர்... சொட்... சொட்... வேறு ஒரு சத்தம் இல்லை. லோரியை ஓட்டியவனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி. அவள் மடியில் ஒரு மண்வெட்டி.

அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, ராக்கம்மா வெங்காயத்தை இரண்டாகப் பிளந்தாள்.

“வெளக்க அணைச்சிட்டு ஓட்டுனா லோங்காங் பள்ளத்துல விழுந்துற மாட்டானா?” என்றான் திருச்செல்வம்.

“ஒன்ன மாதிரி ஆளு விழுவான். அவனுக்குப் பழகுன பாதை. சும்மா கேளு லா.”

சிரம்பானை அடுத்த பாரோயில் ரஞ்சிதாவின் அண்ணன் வீட்டு வாசல். விடிந்தால் கல்யாணம். கூடாரத்தின் கீழே பாய் விரித்து, பத்துப் பன்னிரண்டு பேர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பயற்றங்காய், கேரட், ஒரு பேசின் நிறைய வெங்காயம். சமையல்காரர்களோடு கூலிக்கு வந்தவள் ராக்கம்மா. லாபுக்காரி. இந்த வீட்டை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். லாபு என்று அவள் சொன்னதுமே, தோட்டத்துப் பேய்க்கதை ஒன்று சொல்லியே ஆகவேண்டும் என்று திருச்செல்வம் பிடித்துக்கொண்டான். ரஞ்சிதாவின் சித்தப்பா மகன் அவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான்.

ரஞ்சிதா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் மருதாணி. எதையும் தொடக்கூடாது என்று அண்ணி சொல்லியிருந்தாள். முப்பத்தாறு வயதில் அமைந்த கல்யாணம். மாப்பிள்ளை ஹேமநாதனுக்கு இது இரண்டாவது என்று சொல்லியிருந்தார்கள். முதல் மனைவி எலும்பு வியாதியில் இறந்துவிட்டாளாம். ஒரு பெண்பிள்ளை இருக்கிறது. அதனால் என்ன... நல்ல மனிதர். செண்டாயானில் சொந்தமாகத் தொழில் செய்கிறார். அண்ணன் நாலு வருடத்துக்குப் பிறகு இந்த வாரம்தான் வீட்டில் சிரித்துப் பேசினான். இந்தக் கல்யாணம் நின்றால் அவள் அந்த வீட்டில் எந்த மூலையில் போய் உட்காருவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

சாயங்காலம் ஹேமநாதன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். புது பெயின்ட் அடித்த லோரியின் கதவு. அதில் சிவப்பு எழுத்தில், ‘ரஞ்சிதா என்டர்பிரைஸ்’. போன் கைக்குக் கை போனது.

“எந்தக் காட்டுல கொண்டுபோயி நிறுத்தியிருக்காரு மாப்பிள்ள? பின்னால ஒரே மரமா இருக்கு!” என்று கேட்டான் திருச்செல்வம்.

“எங்கயாச்சும் வேலையா இருக்கும். ஒனக்கு என்னடா?” என்றாள் அண்ணி. பிறகு ரஞ்சிதாவின் கன்னத்தைக் கிள்ளினாள். “கட்டிக்கிட்டுப் பதினெட்டு வருஷமாச்சு, ஒங்க அண்ணன் என் பேர ஒரு டம்ளர்ல வெட்டிக் குடுத்திருப்பாரா? இவரு கம்பெனிக்கே ஒம் பேர வெச்சிட்டாரு.”

கூடாரத்தின் இரும்புத் தூண்கள்கூட மாப்பிள்ளையின் கிடங்கிலிருந்து வந்தவைதான். ஒவ்வொன்றிலும் அச்சுத்தகடு வைத்து அடித்த சிவப்பு எழுத்து. ரஞ்சிதா. ரஞ்சிதா. ரஞ்சிதா.

அதெல்லாம் ராக்கம்மா வருவதற்கு முன்னால் நடந்தது.

“பேரெல்லாம் கேக்காதீங்க. செத்தவங்க பேரையும் சொல்லமாட்டேன், இருக்கிறவங்க பேரையும் சொல்லமாட்டேன், இந்த நேரத்துல” என்றாள் ராக்கம்மா. “என் கூட்டாளி ஒருத்தி. அவளோட கூடப்பொறந்த தங்கச்சிக்கு நடந்தது இது. அந்த லோரில மண்வெட்டியோட ஒக்காந்திருந்தாளே... அவதான்.”

அவளை இளையாள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் அவளுக்கு முன்னால் ஒரு மூத்தாள் இருந்தாள்.

மூத்தாளைக் கட்டியபோது அவன் லாபு தோட்டத்து லயத்தில்தான் குடியிருந்தான். பெரிய பெரிய இரும்புத் தொட்டிகளுக்குத் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற வேலை. கூலியாக இருந்து, குத்தகை எடுக்கிற ஆளாகி, ஒரு பழைய லோரியும் வாங்கிவிட்டான். மூத்தாளுக்கு ஏழு மாதம். ஒருநாள் ராத்திரி வலி கண்டது. வலி கண்டால் தாங்குகிற மனுஷிதான். ஆனால் அன்றைக்குச் சுவரைப் பிராண்டினாள். லோரியில் மறுநாள் வேலைக்கான பெயின்ட் டின்கள் ஏற்றிக் கட்டியிருந்தது. முன்சீட்டில்கூட டின். அதை இறக்க வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும்...

“விடியட்டும்” என்றான் அவன். பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தான்.

விடிந்தது. அவள் கை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே விறைத்திருந்தது. துருப்பிடித்த கம்பி. விரலைப் பிரித்து எடுத்தபோது உள்ளங்கையெல்லாம் செங்காவி நிறம். கழுவினார்கள். போகவில்லை. அப்படியே எடுத்துப் போனார்கள்.

“சண்டாளன்” என்றாள் அண்ணி.

“வருஷம் திரும்பல. அதுக்குள்ள இளையாள் வந்துட்டா” என்றாள் ராக்கம்மா.

இளையாளுக்கும் ஏழாம் மாதம். சிரம்பான் பக்கம் புதுவீடு. ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை அடைத்தாள். அடைத்த அந்த அமைதியில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண்குரல். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கை சீனி கேட்கிற மாதிரி, கூச்சத்தோடு.

“கொஞ்சம் தாயேன்.”

“என்ன வேணும்க்கா?” என்று இவளும் கேட்டுவிட்டாள். எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே சாக்கடைப் பள்ளம். அங்கே ஒரு ஆள் நிற்க இடமில்லை. காற்றில் மட்டும் ஒரு வாடை... நாக்கில் இரும்பை வைத்த மாதிரி. ரத்தமா, துருவா என்று சொல்ல முடியாத வாடை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அதே கூச்சம். “கொஞ்சம் தாயேன்.” பிறகு ஒருநாள், அந்தக் குரல் ஜன்னலுக்கு வெளியே கேட்கவில்லை. இளையாளின் வாயிலிருந்தே கேட்டது. இரண்டு கையையும் தன் வயிற்றின் மேல் ஏந்திக்கொண்டு, தன்னிடமே கேட்டாள். “கொஞ்சம் தாயேன்.”

வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றிருந்தது.

லாபு தோட்டத்துச் சன்னாசி பூசாரிதான் மூத்தாளின் ஆவியைக் கட்டிப்போட்டார். தோட்டம் முழுக்கச் செம்பனை போட்ட பிறகும், முனியாண்டி கோவில் பக்கம் வெட்டாமல் விட்ட ஒற்றை ரப்பர் மரம் ஒன்று இருக்கிறது. இளையாளை அதன் அடியில் நிறுத்தினார். உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்தார். ஒரு முழ நீள இரும்பு ஆணியில் அதைச் சுற்றி, மரத்தில் வைத்து அடித்தார். வெள்ளைப்பால் கசிந்து ஆணியைச் சுற்றி உறைந்தது. உள்ளேயிருந்து முனகல் வந்ததாகச் சொல்வார்கள்.

“மலாய்க்காரங்க பேயோட பெடரியில ஆணி அடிப்பாங்கன்னு சொல்வாங்க” என்றான் திருச்செல்வம், குரலைத் தாழ்த்தி.

“நாம மரத்துல அடிப்போம். ஆணி ஒண்ணுதான்.”

சன்னாசி ஒன்று சொன்னார். “ஆணி இருக்கிற வரைக்கும் அவ இதுக்குள்ள இருப்பா. ஆணி துருவாப் போயிருச்சுன்னா என்னைக் கூப்பிடு. வேற அடிக்கலாம். நீயா தொடாத.”

பெண்குழந்தை பிறந்தது. அவனுக்கு உயிர் அந்தப் பிள்ளை. அது வந்த நேரம் தொழிலும் ஓடியது. கம்பெனிக்குப் பிள்ளையின் பேரையே வைத்தான். வேலை நடக்கிற இடங்களில் பழைய இரும்பு பொறுக்குகிற பெசிபூரோக்காரர்களின் தொல்லை தாங்காது. ஏணியிலிருந்து தூண்வரை எதையும் தூக்கிப்போய் எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் சாமான் எதுவானாலும் பிள்ளையின் பேரை அடித்துவிடுவான்.

“தகட்டுல எழுத்த வெட்டி வெச்சுக்கிட்டு மேல பெயின்ட்ட அடிக்கிறது. இந்தா, இந்தத் தூண்ல போட்டிருக்கே... இதே மாதிரிதான்” என்று கத்தி முனையால் காட்டினாள் ராக்கம்மா.

ரஞ்சிதா தூணிலிருந்து முதுகை எடுத்தாள். ஏன் எடுத்தோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. ஹேமநாதனுடையது போலப் பெயின்ட் அடிக்கிற கம்பெனி ஊருக்குப் பத்து இருக்கும். மறுபடி சாய்ந்துகொள்ள மட்டும் தோன்றவில்லை.

“என்ன பேரு அந்தப் பிள்ளைக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

“சொல்லமாட்டேன்னு சொன்னேன்ல. நாலு எழுத்து. கடேசி எழுத்து தா.”

“அட, நம்ம ரஞ்சிதாவும் தாதான்!” என்றான் திருச்செல்வம். எல்லோரும் சிரித்தார்கள். பயந்திருந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

நோய் பரவிய காலத்தில் சன்னாசி பூசாரி போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடமே மரத்தில் சிவப்பாக ஒழுகல். வெற்றிலை எச்சில் துப்பியதுபோல, ஆணித் தலையிலிருந்து பட்டை வழியே கீழே கோடு இறங்கியது. யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. சமையலறையில் உட்கார்ந்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்காமலே சொன்னது.

“அம்மா... ஜன்னல்ல ஒரு ஆன்ட்டி கேக்குறாங்க.”

“என்ன கேக்குறாங்க?”

“கொஞ்சம் தாயேன்னு.”

அன்றைக்கே புருஷனும் இளையாளும் மரத்துக்கு ஓடினார்கள். அவன் ஆணித் தலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். மேல் துரு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பூசாரி இல்லை. வேறு பூசாரிக்கு இந்தக் கட்டு தெரியாது. பிடுங்கி வேறு ஆணி அடிக்கலாம் என்றால், பிடுங்குகிற அந்த ஒரு நொடியில் அவள் வெளியே இருப்பாள்.

ஆனால் துரு அவனுடைய தொழில். மனைவியை உட்காரவைத்து விளக்கினான். இருபது வருடம் தொட்டி சுரண்டிய ஆள். அவனுக்கு அது மனப்பாடம்.

“இரும்பு தானா கெடாது. ஈரமும் காத்தும் சேர்ந்து அதைக் கெடுக்கும். பெயின்ட் அடிக்கிறது இரும்புக்குச் சட்ட போடுற மாதிரி, ரெண்டையும் உள்ள விடாது. ஆனா சட்டையில ஒரு கீறல் விழுந்தாப் போதும், அங்க பூந்துரும். இந்த ஆணிக்குத் தலை மட்டுந்தான் வெளிய. ஒடம்பு பூரா மரத்துக்குள்ள. அதுக்கு எப்படிச் சட்ட போடுறது?”

“அப்ப?”

“மண்ணுக்குள்ள பொதைச்ச குழாய்க்கும் அப்படித்தான். யாரு போயி தோண்டித் தோண்டிப் பெயின்ட் அடிக்கிறது? அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு சிங்க் கட்டிய, அதான் துத்தநாகத்த எடுத்து, கம்பியால இரும்போட சேர்த்துக் கட்டி, ஈரமண்ணுல பொதைச்சிடணும். துருவுக்கு ஒண்ணு திங்கணும், அவ்வளவுதான். சிங்க் பக்கத்துல இருந்தா முதல்ல அதத் திங்கும். இரும்பத் தொடாது. கட்டி கரைஞ்சிட்டா வேற கட்டி.”

அந்தக் கட்டிக்கு இங்கிலீஷில் ஏதோ பெரிய பேர். இவர்கள் வேலையிடத்தில் தமிழ் ஆட்கள் வைத்த பேர் பலிக்கட்டி. ஒன்றுக்காக இன்னொன்று சாகிறது அல்லவா... அதனால் பலி.

ஆணித் தலையைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்தான். செப்புக்கம்பியைச் சுற்றி இறுக்கினான். மரத்தடியில் குழி வெட்டி, ரொட்டித்துண்டு போலச் சாம்பல் நிறத்தில் இருந்த கட்டியை இறக்கினான். கிடங்கிலிருந்து எடுத்து வந்த கட்டி. மற்ற சாமான்களைப் போலவே அதன் முதுகிலும் சிவப்பு எழுத்தில் நாலெழுத்துப் பேர் இருந்தது. அவன் கண்ணில் அது படவேயில்லை. தினமும் பார்க்கிற எழுத்து.

மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, மரத்தைப் பார்த்துச் சிரித்தான். வேலை நன்றாக முடிந்தால் மனிதனுக்கு ஒரு திமிர் வருமே, அந்தத் திமிர்.

“இந்தா... பலி குடுத்தாச்சு. இத தின்னுக்கிட்டுக் கெட” என்றான்.

ராக்கம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “புரியுதா? பலின்னு சொன்னான். அவ மரத்துல இருந்து கேட்டுக்கிட்டிருக்கா. கோவில்ல அர்ச்சன சீட்டு எடுத்தா என்ன கேப்பாங்க? யாரு பேர்லன்னு கேப்பாங்கல்ல? இவன் பேர எழுதியே குடுத்துட்டான்.”

ஜன்னலில் குரல் நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம்... ஒரு சத்தமும் இல்லை. அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

பிள்ளை மெலிந்தது.

முதலில் கொலுசு கழன்று விழுந்தது. பிறகு பள்ளிக்கூடப் பாவாடை நிற்கவில்லை. நன்றாகத்தான் சாப்பிட்டது. காலையில் தலையணையைத் தட்டினால் வெள்ளையாக மாவு பறந்தது. பவுடர் என்று நினைத்தாள் தாய். பவுடர் போடுவதை நிறுத்தினாள். மாவு நிற்கவில்லை. விரல் நுனியில், காது மடலில், உதட்டோரத்தில் வெள்ளையாகப் பூத்தது. துடைத்தால் வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி பூக்கும். துடைக்கத் துடைக்கப் பிள்ளை கரைந்தது. ஆட்டாமலே பல் கையோடு வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், எலும்பில் சத்து இறங்குகிறது என்றார்கள். எதனால் என்று சொல்லத் தெரியவில்லை.

“வலிக்குதாடா?” என்று தாய் கேட்பாள்.

“வலிக்கல. யாரோ நக்குற மாதிரி இருக்கும்மா” என்று சொன்னது பிள்ளை.

தலையணையில் உதிர்ந்ததை ஒருநாள் அவன் விரலில் தொட்டுப் பார்த்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத் தேய்த்தான். கரைகிற சிங்க் கட்டியின் மேல் படிகிற வெள்ளைத்தூளை அவன் ஆயிரம் தடவை தொட்டிருக்கிறான்.

அன்றைக்கு ராத்திரிதான், மணி பத்தரைக்கு, மழை விட்டதும், அந்த லோரி.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அவன் தோண்டினான். அவள் மரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஆணித் தலை மின்னியது. துருவே இல்லை. கடையில் நேற்று வாங்கியதுபோல நீலம் பாய்ந்த மினுக்கம். அதில் சுற்றியிருந்த அவளுடைய முடிகூட வாடாமல், எண்ணெய் தடவியதுபோல இருந்தது. மண்வெட்டி டங்கென்று கட்டியில் மோதியது. எடுத்தான். அதே கனம். ஒரு மூலைகூட மழுங்கவில்லை. புதைத்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே.

எழுத்து மட்டும் அப்படி இல்லை.

பெயின்ட் அடித்த இடத்தைத் துரு தொடாது. அவன் சோறு தின்றதே அந்த நம்பிக்கையில்தான். இங்கே பெயின்ட் இருந்த இடத்தை மட்டும்தான் தின்றிருந்தது. முதல் எழுத்து இருந்த இடத்தில், அந்த எழுத்தின் வடிவத்திலேயே ஒரு ஓட்டை. டார்ச் வெளிச்சம் அதன் வழியே மறுபக்கம் போனது. இரண்டாவது எழுத்தும் ஓட்டை. மூன்றாவதும் ஓட்டை. ஓரமெல்லாம் வெள்ளை மாவு. கடைசி எழுத்து மட்டும் தொடாமல், சிவப்பாக, ஈரமாக நின்றது.

தா.

கேஸ் அடுப்பில் சுண்டிக்கொண்டிருந்த சாம்பார் மட்டும் புடுக் புடுக்கென்று கொதித்தது.

“புடுங்கி எறியுங்க” என்று அலறினாள் இளையாள். அவன் தலையை ஆட்டினான். பாதி உளுத்த ஆணி அது. கம்பியை அறுத்தால் ஒரு மழைக்குத் தாங்காது. மூத்தாள் வெளியே வந்தாளானால், கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கமாட்டாள். மொத்தமாக எடுத்துக்கொள்வாள்.

அவன் லோரிக்குப் போனான். அவளை வரவேண்டாம் என்றான். பழைய எழுத்தைச் சுரண்டுகிற சத்தமும் பெயின்ட் டின்னைத் திறக்கிற சத்தமும் கேட்டது. பிரஷ் உரசுகிற சத்தம் கேட்டது. வேறொரு கட்டியை எழுத்துப் பக்கம் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். குழியில் வைத்தான். கம்பியை மாற்றினான். மண்ணைத் தள்ளினான்.

“யாரு பேரு எழுதுனீங்க?”

“எம் பேருதான்” என்றான். “நான் பெத்த புள்ளைக்கு நான்தானே?”

அவள் அந்தச் சேற்றிலேயே விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தது. “பசிக்குதும்மா” என்றது.

அன்றிலிருந்து இளையாள் அவனைத் தெய்வமாகப் பார்த்தாள். அவன் சாகப்போகிறான் என்று நினைத்தாள். தான் சாப்பிடாமல் மீனையும் முட்டையையும் அவன் தட்டில் வைத்தாள். ராத்திரியில் அவன் விரல்களைத் தடவிப் பார்ப்பாள், வெள்ளை பூத்திருக்கிறதா என்று. இல்லை. சாமி காப்பாற்றுகிறது என்று விளக்கேற்றினாள். விளக்கேற்றுகிற கையில் வளையல் முழங்கைக்கு ஏறிப்போவதை மட்டும் அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான். ஒவ்வொரு நாளும் கவனித்தான். “ஒழுங்கா சாப்பிடு” என்று அவளைத் திட்டவும் செய்தான்.

சாகிற அன்றைக்கு அக்காளிடம் சொன்னாள். “அவரப் பாத்துக்கக்கா. எம் மகளுக்காக உசிரக் குடுத்த மனுஷன்.” ஒரு குழந்தையைத் தூக்குகிறதுபோல ஒரே ஆளாக அவளைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அவ்வளவுதான் கனம்.

“கருமாதி முடிஞ்சு என் கூட்டாளி ஒரு நாள் பகல்ல அந்த மரத்துக்குப் போனா. தோண்டுனா” என்றாள் ராக்கம்மா. “கட்டி கட்டியாத்தான் இருந்துச்சு. எழுத்து பூரா ஓட்ட. ஓட்டையத் தடவிப் படிச்சா. அவ தங்கச்சி பேரு.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ ‘முருகா’ என்றார்கள். திருச்செல்வம்தான் கேட்டான்.

“அந்த ஆளு?”

“நல்லாத்தான் இருக்கான். புள்ளயும் கொழுகொழுன்னு இருக்கு. இந்தப் பக்கந்தான் எங்கயோ.” ராக்கம்மா மறுபடி கத்தியை எடுத்தாள். “கட்டி தீந்துபோச்சுன்னா வேற வைக்கணும்ல. ஒறவுல யாரு பேர எழுதுவான், பாவம்? பொண்ணு பாக்குறான்னு கேள்வி.”

“பொண்ணு குடுக்கிறவன் மண்டையில அடிக்கணும்” என்றாள் அண்ணி. சிரிப்பு எழுந்தது. பேசின்கள் நகர்ந்தன. யாரோ கோப்பி கலக்கப் போனார்கள். ராக்கம்மாவைக் கேரட் சீவச் சொன்னார்கள்.

ரஞ்சிதா சிரிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஹேமநாதனின் மகள் மதுமிதாவைக் கடைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். கொழுகொழுவென்ற கன்னம். முன்பற்கள் இரண்டும் புதிதாக முளைத்தவை. சாப்பிட்டுக்கொண்டே பிள்ளை விரல் விட்டு எண்ணியது. “ஆன்ட்டி, உங்க பேரும் நாலு எழுத்து. கடைசில தா. அப்பா கேட்டாங்க, நான் எண்ணிச் சொன்னேன்.”

மருதாணி காய்ந்த விரலின் பக்கவாட்டால் போனைத் திறந்தாள். சாயங்காலம் வந்த படம். லோரிக் கதவு. அவள் பேர். இரண்டு விரலால் விரித்தாள். கதவு பெரிதாகி விலகிப் போனது. பின்னால் செம்பனை ஓலைகள். அவற்றுக்கு நடுவே வெளிறிய பட்டையோடு ஒரு ரப்பர் மரம். ஒன்றே ஒன்று. அதன் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. சாயங்காலம் பார்த்தபோது வெயில் பட்ட இலை என்று நினைத்திருந்தாள். இன்னும் விரித்தாள். புள்ளியிலிருந்து மெல்லிய கோடு ஒன்று, செம்பு நிறத்தில், மரத்தை ஒட்டிக் கீழே இறங்கியது. அது தரையைத் தொட்ட இடத்தில் புல் இல்லை. ஈரமான புதுமண். காலால் மிதித்துச் சமன் செய்த மண்.

“அண்ணி” என்றாள்.

அண்ணி பக்கத்தில் வந்து குனிந்தாள். படத்தைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். பிறகு, சமையலடுப்புப் பக்கம் உட்கார்ந்து கேரட் சீவிக்கொண்டிருந்த ராக்கம்மாவைப் பார்த்தாள். கடைசியில், உள்ளே பாயில் படுத்து வாயைத் திறந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த தன் புருஷனைப் பார்த்தாள். போனை வாங்கிப் படத்தை மூடி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“போயி படு. காலையில நேரத்தோட எந்திரிக்கணும்” என்றாள். ரஞ்சிதாவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். “மருதாணி நல்லாத்தான் செவந்திருக்கு... மாவு எங்க ஒட்டுச்சு ஒனக்கு, ஒரு வேலையும் செய்யாம?”

முந்தானையால் விரல் நுனியைத் துடைத்துவிட்டாள். போய்விட்டது.

அண்ணி கையை விடவில்லை. இரண்டு பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகத்தின் ஓரத்தில், மிக மெதுவாக, மறுபடியும் வெள்ளை பூத்தது.

அண்ணி மறுபடி துடைத்தாள்.

“மாவுதான்” என்றாள்.